மூன்று வாளியும் மூடிய ஜன்னலும்

உல்லாசக் கப்பலின் சாப்பாட்டு மண்டபத்தில் பொழுது வாளியோடுதான் விடியும். சிவப்பு வாளியில் சவர்க்காரத் தண்ணீர், சாம்பல் நிற வாளியில் வெறும் தண்ணீர், வெள்ளை வாளியில் குளோரின் கலந்த தண்ணீர். மேசையைச் சிவப்பால் தேய்த்து, சாம்பலால் அலசி, வெள்ளையால் துடைத்துத் தானாகக் காய விடவேண்டும். துணியால் ஒற்றி எடுக்கக் கூடாது. வெள்ளை வாளியில் ஒரு காகிதத் துண்டை முக்கினால் நிறம் மாறும். அதை அட்டையிலுள்ள நிறங்களோடு ஒப்பிட்டு, குளோரின் அளவு 50க்கும் 200க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்த்து, நேரம் போட்டு எழுதி வைக்கவேண்டும். குறைந்தால் கிருமி சாகாது. கூடினால் சாப்பிடுகிறவருக்கு ஆகாது. புதிதாக வரும் பையன்கள் வாளியை மாற்றித் தொட்டுவிட்டால் மேற்பார்வையாளர் ஒரு வார்த்தை பேசமாட்டார். மூன்று வாளியையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்.

இந்த ஒழுங்குக்குப் பின்னால் இருப்பது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். அந்த நாட்டுத் துறைமுகங்களைத் தொடும் பயணிகள் கப்பல்களில் அவர்களுடைய ஆட்கள் முன்னறிவிப்பு இல்லாமல் ஏறிச் சோதிப்பார்கள். 100 புள்ளிகளில் 86 எடுத்தால்தான் தேர்ச்சி. முடிவு ஊரறிய வெளியாகும். குளிர்ந்த சாப்பாடு 5 பாகைக்கு மேல் போகக் கூடாது, சூடான சாப்பாடு 57 பாகைக்குக் கீழ் இறங்கக் கூடாது, வெளியே எடுத்து வைத்த உணவுக்கு நான்கு மணி நேரம்தான் ஆயுள். அந்தச் சோதகர்களுக்குக் கப்பலில் பெயர் யூ.எஸ்.பி.எச். “யூ.எஸ்.பி.எச். ஏறிட்டாங்க” என்ற குரல் கேட்டதும் கப்பலின் அடித்தளம் முழுக்க ஒரு ஓட்டம் ஓடும். பரீட்சை மண்டபத்துக்குள் நுழைகிற பிள்ளைகள்கூட அப்படி வியர்த்திருக்க மாட்டார்கள்.

நான் ஹந்தானைப் பக்கத்துத் தோட்டப் பையன். கண்டி நகரத்து ஹோட்டலொன்றில் தட்டுக் கழுவச் சேர்ந்து, பரிமாறுகிறவனாகி, ஆங்கிலத்தையும் கொஞ்சம் ஜெர்மனையும் அங்கேயே காதால் பிடித்துக்கொண்டு, கொழும்பு முகவர் ஒருவர் வழியாகக் கப்பலேறியவன். கப்பல் பார்க்கும் முன்பே கப்பற்பயணிகளை எனக்குத் தெரியும். காலையில் கொழும்புத் துறைமுகத்தில் இறங்குவார்கள். பஸ்ஸில் மூன்று நான்கு மணி நேரம் குலுங்கி, வழியில் பின்னவலையில் யானை பார்த்து, மதியத்துக்குக் கண்டி வந்துசேர்வார்கள். சாப்பாடு, தலதா மாளிகை, நேரமிருந்தால் பேராதனைப் பூங்கா. பிறகு கப்பல் கிளம்புமுன் திரும்பி ஓடவேண்டும். மற்ற உல்லாசப் பயணிகள் வந்ததும் மெனுவைக் கேட்பார்கள். இவர்கள் கை கழுவுமிடத்தைக் கேட்பார்கள். முள்ளுக்கரண்டியைத் தாங்கள் கொண்டுவந்த ஈரத்தாளால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். எங்கள் தலைமை வெயிட்டருக்கு அது பெரிய அவமானம். “நம்ம கரண்டில அப்படி என்னடா இருக்கு?” என்று சமையலறைக்குள் வந்து குமுறுவார். அவர்கள் பயந்தது எங்கள் கரண்டிக்கு இல்லை, தங்கள் கப்பலுக்குத்தான் என்பது அங்கே வேலைக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கப்பலின் பழைய எதிரி நோரோ வைரஸ். வாந்தி, வயிற்றோட்டம், இரண்டு மூன்று நாளில் ஆள் தேறிவிடுவார். ஆனால் மூவாயிரம் பேர் ஒரே கைப்பிடியைத் தொட்டு மாடியேறுமிடத்தில் அது பரவுகிற வேகம் நம்பமுடியாது. பயணிகளிலோ ஊழியர்களிலோ நூற்றுக்கு மூன்று பேருக்கு வந்துவிட்டாலே அது அதிகாரபூர்வமான பரவல். அப்போது கப்பல் சிவப்புநிலைக்குப் போகும். பஃபேயில் யாரும் தானாக எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. கையுறையோடு நாங்கள் நின்று போட்டுக் கொடுப்போம். மேசையிலிருந்து உப்பு, மிளகுக் குப்பிகள், தக்காளி சோஸ் போத்தல், பாண் கூடை எல்லாம் மறைந்துபோகும். நூலகத்தைப் பூட்டுவார்கள். சீட்டுக்கட்டுகளைத் திரும்ப வாங்குவார்கள். லிப்ட் பொத்தானையும் படிக்கட்டுக் கைப்பிடியையும் துடைப்பதற்கென்றே ஆட்கள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கழிப்பறைக் கதவைத் திறந்துவிட ஒருவன் நிற்பான். யாராவது மண்டபத்தில் வாந்தியெடுத்துவிட்டால், சுற்றிலும் 25 அடிக்குக் கயிறு கட்டி, தூள் தூவி, பாதுகாப்பு உடை போட்டவர்கள் வந்து, வாளியில் இருப்பதைப்போலப் பல மடங்கு காரமான குளோரினால் கழுவுவார்கள். அந்த வட்டத்துக்குள் இருந்த சாப்பாடு, தொட்டதோ தொடாததோ, எல்லாம் குப்பைக்கு.

கையில் பூசும் சானிடைசர் நோரோவுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, சவர்க்காரம்தான் வேண்டும். ஆனாலும் வாசலில் சானிடைசர் குப்பியோடு ஒருவன் பாட்டுப் பாடி, ஆடி, பயணிகளின் கையில் பீய்ச்சுவான். பயணிகளுக்கு அது பிடிக்கும், படம் எடுப்பார்கள். ஓரத்தில் கை கழுவும் தொட்டி யாருமில்லாமல் நிற்கும்.

இதில் எங்கள் பங்கு ஒன்று இருந்தது, அதை யாரும் எழுதி வைப்பதில்லை. வயிற்றில் கோளாறு என்றால் ஊழியன் உடனே மருத்துவ அறைக்குப் போய்ச் சொல்லவேண்டும். சாப்பாட்டுப் பக்கம் வேலை செய்கிறவன் குணமான பின்னும் 48 மணி நேரம் தனியாகக் கிடக்கவேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால் எங்கள் வருமானத்தின் பெரும்பகுதி டிப்ஸ். கெபினுக்குள் கிடக்கும் நாளுக்கு அது வராது. ஆகவே காலையில் இரண்டு முறை கழிப்பறைக்குப் போன பையன் மூன்றாம் முறைக்கு முன் என் பக்கம் வந்து, “அண்ணே, உங்ககிட்ட மாத்திரை இருக்கா?” என்று காதில் கேட்பான். நான் இருந்த கப்பலில் இது தெரியாத மேற்பார்வையாளர் கிடையாது. தெரிந்ததாகக் காட்டிக்கொண்டவரும் கிடையாது.

2020 பெப்ரவரியில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பல் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட செய்தி வந்தபோது நாங்கள் வேறொரு கடலில் இருந்தோம். ஊழியர் சாப்பாட்டறைத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிட்டோம். 3,711 பேர் இருந்த கப்பல். ஹொங்கொங்கில் இறங்கிய பயணி ஒருவருக்குக் கொரோனாத் தொற்று என்று தெரிந்ததும், பெப்ரவரி 5 முதல் பயணிகளைக் கெபினுக்குள் அடைத்தார்கள். திரையில் காட்டியதெல்லாம் பால்கனியில் நின்று கையசைக்கும் பயணிகளை. எனக்குப் பக்கத்திலிருந்த தூத்துக்குடி அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, “அவுகளுக்குச் சாப்பாடு யாருல தம்பி கொண்டு போய்க் குடுக்கா?” என்று கேட்டார். அந்த மேசையில் அதற்குப் பதில் தெரியாதவர் ஒருவரும் இல்லை.

மூன்று வேளையும் கதவு கதவாகத் தட்டிச் சாப்பாடு கொடுத்தது எங்களைப் போன்றவர்கள். கொடுத்துவிட்டு அவர்கள் திரும்பிப் போனது இரண்டு பேர், நாலு பேர் படுக்கும் ஜன்னலில்லாத அறைக்கும், பொதுச் சாப்பாட்டு மேசைக்கும். அந்தக் கப்பலில் 138 இந்தியர்கள் இருந்தார்கள். அவர்களில் ஆறு பேர்தான் பயணிகள், மற்ற எல்லோரும் ஊழியர்கள். பிறகு வெளியான ஆய்வு அறிக்கையில் ஒரு கணக்கு இருந்தது. தொடக்கத்தில் தொற்று உறுதியான 20 ஊழியர்களில் 15 பேர் சாப்பாட்டுப் பிரிவுக்காரர். 16 பேர் ஒரே தளத்தில், மூன்றாம் தளத்தில், குடியிருந்தவர்கள். கடைசியில் கப்பல் முழுவதும் 712 பேருக்கு வந்தது. அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. எங்கள் வாளிகள், காகிதத் துண்டுகள், நான்கு மணி நேரக் கணக்கு எல்லாம் தட்டைக் காப்பதற்கு வந்தவை. தட்டைப் பிடித்திருப்பவன் எங்கே தூங்குகிறான், யாருக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறான், எந்தக் காற்றைச் சுவாசிக்கிறான் என்று ஒரு கட்டமும் அந்தப் பதிவேட்டில் இல்லை. வயிற்று நோய்க்கு அது ஓரளவு போதும். மூச்சில் வரும் நோய்க்குப் போதாது.

எங்கள் கப்பலிலும் முதலில் நடந்தது பழைய சிவப்புநிலையின் மறுபதிப்புத்தான். கைப்பிடியை இன்னும் அடிக்கடி துடைத்தோம். பஃபேயில் நாங்களே பரிமாறினோம். பயணிகளின் காய்ச்சலைப் பார்த்து ஏற்றினார்கள். முகக்கவசம் வேண்டாம், பயணிகள் பயப்படுவார்கள் என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். எந்தக் கம்பனி என்று சொல்லப் போவதில்லை. அன்று பெரும்பாலான கம்பனிகளின் நிலை அதுதான். மார்ச் 13ஆம் திகதி பெரிய கப்பல் நிறுவனங்கள் தாமாகவே பயணங்களை நிறுத்தின. மறுநாள் அமெரிக்காவின் தடையுத்தரவு வந்தது. கடைசிப் பயணி இறங்கிய அன்று மாலை சாப்பாட்டு மண்டபத்தில் எல்லா மேசைக்கும் விரிப்பு போட்டோம். யாரும் சொல்லவில்லை, பழக்கம்.

அதற்குப் பிறகு வந்ததுதான் வேடிக்கை. ஊழியர்களை ஆளுக்கொரு கெபினில், தனிக் குளியலறையோடு வைக்கவேண்டும் என்று அமெரிக்கர்கள் விதித்தார்கள். அடித்தளத்து இரட்டைத் தட்டுக் கட்டிலிலிருந்து என்னைப் பால்கனி வைத்த பயணிக் கெபினுக்கு மாற்றினார்கள். நான் தினமும் காலைத் தேநீர்த் தட்டைக் கொண்டுபோய் வைத்த அதே வரிசை. ஊழியர் மதுக்கூடம் மூடியாயிற்று. உடற்பயிற்சிக் கூடம் மூடியாயிற்று. சாப்பாடு கதவுக்கு வெளியே தரையில் வரும். தட்டியவன் நகர்ந்த பிறகுதான் கதவைத் திறக்கவேண்டும். இரண்டு வேளை காய்ச்சல் கணக்கு. பரிமாறிப் பரிமாறியே ஆளானவன் பரிமாறப்படும்போது ஒரு கூச்சம் வரும்; முதல் சில நாள் தட்டை நானே கழுவி, துடைத்து, வெளியே அடுக்கி வைத்தேன். எடுக்க வந்த இந்தோனேசியப் பையன், “வேண்டாம் பிரதர், அதையும் திரும்பக் கழுவத்தான் வேண்டும்” என்றான். விதி அப்படி.

நல்ல அறை, கடல் காற்று, சம்பளம் இல்லை. வீட்டுக்குப் போக வழியும் இல்லை. இறங்கும் ஊழியர்கள் பொது விமானத்தில் ஏறக் கூடாது, தனி விமானம், தனி வண்டி வேண்டும், அதற்குக் கம்பனி மேலதிகாரிகள் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்கவேண்டும் என்று விதி வந்ததால், கப்பல்களே கடல் கடந்து ஆட்களை வீடு சேர்க்கப் புறப்பட்டன. மே மாதத்தில் மணிலாக் குடாவில் இருபதுக்கும் மேற்பட்ட உல்லாசக் கப்பல்கள் பிலிப்பைன்ஸ்காரர்களோடு நங்கூரமிட்டு நின்றன. அவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்ததால் கப்பலே போயிற்று. ஒவ்வொரு கப்பலிலும் ஒன்றிரண்டு பேராக இருந்த இலங்கையருக்காக எந்தக் கப்பல் திரும்பும்?

ஒரு கப்பல் நின்றது. உலகப் பயணத்தில் இருந்த ‘எம்.எஸ்.சி. மக்னிபிகா’ எண்ணெய் நிரப்பக் கொழும்புக்கு வந்தபோது, அதிலிருந்த ஒரேயொரு இலங்கைச் சமையற்காரர், தன்னை இறக்கிவிடுமாறு தொலைக்காட்சி வழியாக நாட்டுத் தலைவரிடம் கேட்டார். ஏப்ரல் 6ஆம் திகதி கடற்படை போய் அவரை இறக்கித் தனிமைப்படுத்தலுக்குக் கொண்டுபோனது. கூடவே நோயுற்ற ஜெர்மன் மூதாட்டி ஒருவரும் சிகிச்சைக்காக இறக்கப்பட்டார். அந்தக் காட்சியைப் பல கப்பல்களில் பல இலங்கையர் திரும்பத் திரும்பப் பார்த்திருப்போம். சொந்தத் துறைமுகத்தை அவ்வளவு பக்கத்தில் கண்டவர் அவர் ஒருவர்தான். நாங்கள் தனி விமானத்துக்குக் காத்திருந்தோம்.

கட்டுநாயக்காவில் இறங்கியதும் எங்களைச் சந்தித்தது வெள்ளை உடைக்குள் மூடிக்கொண்ட இராணுவத்தினர். பெட்டிகளின் மேல் மருந்து தெளித்தார்கள். வழியெல்லாம் ஜன்னல் அடைத்த பஸ். பிறகு விதிப்படி தனிமைப்படுத்தல் நிலையத்தில் 14 நாள். அங்கே சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கும்போதெல்லாம் என் பாட்டி ஞாபகத்துக்கு வந்தார். அவர் சின்னப் பிள்ளையாகத் தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு வந்தபோது மண்டபம் காம்பில் வைத்திருந்தார்களாம். இலங்கைத் தோட்டங்களுக்கு வருகிறவர்கள் வாந்திபேதியையும் அம்மையையும் கொண்டுவந்துவிடக் கூடாது என்று 1917 முதல் இலங்கை அரசு இந்தியக் கரையில் நடத்திய முகாம் அது. ஊசி குத்தினார்கள், துணியையெல்லாம் வாங்கி ஆவியில் போட்டுத் திருப்பித் தந்தார்கள், சாயம் போய்விட்டது என்பார். பாட்டியின் கோபமெல்லாம் அந்தச் சாயத்தின் மேல்தான். மலையகத்தில் எங்கள் குடும்பங்களுக்குத் தனிமைப்படுத்தல் 2020இல் வந்த புதுச் செய்தி அல்ல. வேலைக்காகக் கடல் தாண்டியவனைத்தான் முதலில் கழுவுவார்கள்.

கண்டிக்கு வந்து பார்த்தபோது ஊரே சிவப்புநிலையில் இருந்தது. இந்த நாட்டில் முதலில் தொற்று உறுதியான இலங்கையர் இத்தாலியப் பயணிகளோடு திரிந்த சுற்றுலா வழிகாட்டி ஒருவர். அது மார்ச் மாதம். அன்றிலிருந்து வழிகாட்டிகளையும் வான் சாரதிகளையும் அக்கம்பக்கத்தார் பார்த்த பார்வையை எங்கள் தெருவில் வான் ஓட்டும் மாமா இன்றைக்கும் மறக்கவில்லை. மார்ச் கடைசியில் பக்கத்து ஊரான அக்குறணையை முழுதாக மூடினார்கள். கடைக்குக் கடை வாசலில் காலால் மிதிக்கும் சானிடைசர் தாங்கி, பக்கத்தில் புதிதாகப் பொருத்திய கை கழுவும் தொட்டி. சில மாதத்தில் தாங்கி மட்டும் மிஞ்சியது, தொட்டியில் தண்ணீர் நின்றுபோயிற்று. கப்பலில் பார்த்த அதே காட்சி. எசல பெரஹரா ஊர்வலம் அந்த வருடமும் அடுத்த வருடமும் பார்வையாளர் இல்லாமலே போயிற்று. பெரஹராவுக்கு மாதக்கணக்கில் முன்பதிவாகும் வீதியோர ஹோட்டல்களின் மொட்டைமாடிகள் காலியாகக் கிடந்தன. அந்தப் பத்து நாள் வருமானத்தில் வருடத்தை ஓட்டுகிற எத்தனையோ வெயிட்டர்களை எனக்குத் தெரியும்.

2020 டிசம்பர் 28இல் உக்ரேனியச் சுற்றுலாப் பயணிகளோடு மத்தளை விமான நிலையத்தில் முதல் விமானம் இறங்கியது. 2021 ஜனவரி 21இல் விமான நிலையங்கள் முழுதாகத் திறந்தன. வருகிறவர்கள் அனுமதி பெற்ற ஹோட்டலில்தான் தங்கவேண்டும். அனுமதித்த இடங்களுக்கு மட்டும், ஊர்மக்களோடு கலக்காமல் போய்வரவேண்டும். ‘உயிர்க்குமிழி’ என்று பத்திரிகைகள் எழுதின. கப்பலில் இருந்தவன் என்பதால் எனக்குக் கண்டியில் ஒரு ஹோட்டலில் உடனே வேலை கிடைத்தது. விதிகளை எழுதி, பையன்களைப் பழக்குவது என் பொறுப்பு. மூன்று வாளியோடு ஆரம்பித்தேன். கப்பலில் படித்ததை மறக்காமல், வாளியோடு நிறுத்தவில்லை.

முதலில் சாப்பாட்டு மண்டபத்து ஜன்னல்கள். கண்டி குளிர்ந்த ஊர். ஜன்னலைத் திறந்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்று நினைத்துப் போனால், ஒரு பக்கம் முழுவதும் ஆணியடித்து மூடியிருந்தது. உடவத்தகெலே காட்டிலிருந்து வரும் குரங்குகள். பாண் கூடை, வாழைப்பழம், சீனிப் பொட்டலம் ஒன்றையும் விடாது. ஒருமுறை ஒரு பெண்மணியின் மூக்குக்கண்ணாடியோடு கூரையில் ஏறிவிட்டதாம். முகாமையாளர் தலையை ஆட்டினார்: “கொரோனாவுக்காவது வாசல்ல காய்ச்சல் பார்க்கலாம் மல்லி, குரங்குக்கு என்ன செய்யறது?” கடைசியில் தச்சரைக் கூப்பிட்டு இரும்பு வலை வைத்த சட்டங்கள் போட்டோம். அதன் செலவைவிடக் கூடுதலாக, மேசைகளுக்கு நடுவில் நிறுத்தும் கண்ணாடித் தடுப்புகளுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள். அந்தத் தடுப்புகள் படத்தில் நன்றாக விழும். காற்று அவற்றின் மேலால் சாவகாசமாகப் போய்வரும்.

சோதனைக்கு வந்த பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நல்ல மனிதர், கடுமையானவரும்கூட. மேசைக்கு மேசை தூரத்தை நாடாப் பிடித்து அளந்தார், காய்ச்சல் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், பஃபே மூடியிருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, “பையன்கள் படுக்குமிடத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள் மாத்தயா” என்று நானே அழைத்துப் போனேன். சமையலறைக்குப் பின்னால் ஒரு அறை. எட்டுக் கட்டில், ஒரு சின்ன ஜன்னல், அதிலும் அட்டை அடித்திருந்தது. உயிர்க்குமிழி விதியின்படி ஊழியர்கள் வீட்டுக்குப் போகாமல் ஹோட்டலிலேயே தங்கவேண்டும். விருந்தினர்களைக் காப்பதற்காகத்தான் அத்தனை பேரையும் அந்த ஒரே அறையில் வைத்திருந்தோம். அவர் வாசலில் நின்று கொஞ்சம் யோசித்தார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் கையால் எழுதினார். அந்த ஒரு வரியைக் காட்டித்தான் காலியாகக் கிடந்த விருந்தினர் அறைகளில் பையன்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்துப் போட முகாமையாளரைச் சம்மதிக்க வைத்தேன். அறைகள் எப்படியும் சும்மாதான் கிடந்தன.

பரிமாறுவதில் விதிகளைவிடக் கஷ்டமானது முகக்கவசம். எங்கள் தொழிலில் பாதி முகம். “கொஞ்சம் தாமதமாகும்” என்பதைச் சிரித்துக்கொண்டு சொன்னால் மன்னிப்பு. சிரிப்புத் தெரியாமல் சொன்னால் முறைப்பாடு. கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது அங்கே போன நண்பர்களும் இதையேதான் சொன்னார்கள். நான் பையன்களுக்குத் தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துப் பேசப் பழக்கினேன். புருவம் பேசவேண்டும். ஆர்டரைத் திருப்பிச் சொல்லும்போது ஒவ்வொரு உணவுக்கும் ஒரு விரல் மடக்கவேண்டும், காதில் விழாததைக் கண் பிடித்துக்கொள்ளும். மெனுவைக் கைபேசியில் பார்க்கச் சொன்னபோது முதியவர்கள் மிரண்டார்கள். அவர்களுக்காகப் பெரிய எழுத்தில் ஒரே தாளில் அச்சடித்து, சாப்பிட்டு முடிந்ததும் எறிந்தோம். அந்த ஏப்ரலில் பங்களாதேஷ் அணி வந்து பல்லேகலையில் இரண்டு டெஸ்ட் ஆடியபோது கண்டி ஹோட்டல்காரர்களெல்லாம் கிரிக்கெட்டைவிடக் குமிழியைப் பற்றித்தான் பேசினோம்: யார் உள்ளே, யார் வெளியே, எத்தனை நாள் வீட்டைப் பார்க்கவில்லை.

பிறகு டெல்டா வகைக் கொரோனா வந்தது, எல்லாம் மறுபடி மூடியது. தடுப்பூசிக் கதை மட்டும் கண்டிக்கென்று தனியாக ஒன்று உண்டு. மாவட்டத்தில் நிறையப் பேருக்கு ரஷ்யாவின் ஸ்புட்னிக் போட்டார்கள். இரண்டாவது ஊசி வருவது இழுபட்டுக்கொண்டே போயிற்று. அதே நேரம் கப்பல்கள் திரும்ப ஓடத் தொடங்கி ஆள் எடுத்தார்கள். கொழும்பு முகவர்கள் கேட்ட முதல் கேள்வி என்ன ஊசி என்பதுதான். ஸ்புட்னிக் உலக சுகாதார நிறுவனத்தின் அனுமதிப் பட்டியலில் இல்லை. பத்து வருடக் கப்பல் அனுபவத்தோடு கண்டியில் உட்கார்ந்திருந்தவர்கள், அனுபவமே இல்லாத ஆனால் பைசர் போட்ட பையன்கள் ஏறிப்போவதைப் பார்த்தார்கள். எனக்கும் ஸ்புட்னிக்தான். போகிற எண்ணம் அதற்குள் போய்விட்டிருந்தது என்று சொல்லிக்கொள்கிறேன்.

அமெரிக்கர்கள் 2022 ஜூலையில் கப்பல்களுக்கான கொவிட் திட்டத்தை முடித்துவிட்டார்கள். அந்த நாட்களில் நாங்கள் பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் வரிசையில் நின்றோம். கொரோனாவைப் பற்றி யோசிக்க நேரமில்லை. நவம்பர் கடைசியில் ‘வைகிங் மார்ஸ்’ கொழும்புக்கு வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பல்கள், கண்டி வீதியில் மறுபடி இலக்கமிட்ட பஸ்கள். பஃபே திரும்பிவிட்டது, அதே இடுக்கிகளோடு. கப்பலில் தங்கிப்போன மாற்றங்கள் சில உண்டு. எல்லோரையும் பாதுகாப்பு அங்கியோடு மேல்தளத்தில் நெருக்கி நிறுத்திக் கொடுக்கும் ஆபத்துப் பயிற்சியைப் பல கம்பனிகள் காணொளியில் பார்க்க வைத்துவிட்டன. பயணிகளுக்கு அது சந்தோஷம், ஊழியர்களுக்கு அதைவிடச் சந்தோஷம். பால்கனிக் கெபினிலிருந்து ஊழியர்கள் அடித்தளத்துக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த விதிக்கு ஆயுள் பயணிகள் இல்லாத வரைக்கும்தான்.

எங்கள் ஹோட்டலில் இரண்டு விஷயத்தை நான் விடவில்லை. வலை போட்ட ஜன்னல் திறந்தே இருக்கும். குரங்குகள் வெளியே தொங்கிக்கொண்டு சாப்பிடுகிறவர்களைப் பார்க்கும், பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. காய்ச்சலோ வயிற்றோட்டமோ என்று சொல்லி லீவு எடுக்கிறவனுக்குச் சேவைக் கட்டணப் பங்கு வெட்டப்படுவதில்லை. ஏமாற்றுவார்கள் என்று முதல் மாதம் கணக்காளர் சொன்னார். ஒன்றிரண்டு பேர் ஏமாற்றினார்கள்தான். ஆனால் காதில் வந்து மாத்திரை கேட்கிறவன் யாரும் இப்போது இல்லை.

கப்பலுக்குப் போகக் கிளம்பும் கண்டிப் பையன்கள் சிலர் என்னிடம் வருவார்கள். தட்டு மூன்றை ஒரே கையில் பிடிப்பதையும், வாளி ஒழுங்கையும் சொல்லித் தருவேன். ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்து படிப்போம். நோய்வாய்ப்பட்டால் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று சர்வதேசக் கடற்தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. ஒப்பந்தங்களிலும் அந்த வரி இருக்கும். அந்தச் சம்பளம் எது என்பதுதான் கேள்வி. போன மாதம் வந்த பையனின் தாளில் அடிப்படைச் சம்பளம் ஒரு வரியில், டிப்ஸையும் சேர்த்த ‘எதிர்பார்க்கும் வருமானம்’ இன்னொரு வரியில், தடித்த எழுத்தில். கெபினில் அடைத்தால் எந்த வரி கிடைக்கும், கெபினில் எத்தனை பேர் என்று முகவரிடம் எழுத்தில் கேட்கச் சொன்னேன். “அண்ணே, கேட்டா இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களே” என்றான். கேட்டான். ஒரு வாரம் பதில் இல்லை, பிறகு வந்தது. முதல் வரி. கெபினில் இரண்டு பேர். கையெழுத்துப் போட்டுவிட்டான்.